நூற்றொரு புள்ளித் தூரம்

2013-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய கல்விச் சட்டத்தைப் புரட்டுகிறவர்களுக்கு, அதன் ஆரம்பப் பகுதியிலேயே, சட்டப் புத்தகங்களில் சாதாரணமாகக் காணக்கிடைக்காத ஒரு சங்கற்பம் கண்ணில் படும். 2025-ஆம் ஆண்டுக்குள், வாசிப்பிலும் கணிதத்திலும் அறிவியலிலும் உலகத்தின் முதல் ஐந்து தேசங்களுள் ஒன்றாக ஆஸ்திரேலியா விளங்க வேண்டும் என்பதே அது. அப்போது பிரதமராயிருந்த ஜூலியா கில்லார்ட் அம்மையார் முந்திய ஆண்டில் அறிவித்த இலட்சியம், சட்டத்தின் வாசகமாகவும் ஆகிவிட்டது. 2025 வந்தது, போயிற்று. எழுதிவைத்துவிட்டால் பந்தயத்தில் முந்திவிடலாம் என்று நம்பிய அரசியல்வாதிகளின் வெகுளித்தனத்தைக் கண்டு சிரிப்பது சுலபம். ஆனால் அதே சட்டத்தில் அந்தச் சங்கற்பத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் எழுதியிருக்கிறது: தரத்தால் மட்டுமன்றிச் சமநீதியாலும் உயர்ந்தது என்று சர்வதேச அளவுகோல்கள் ஒப்புக்கொள்ளும்படியான கல்வி முறை இந்நாட்டில் அதே ஆண்டுக்குள் அமைய வேண்டும் என்பது. முதல் சங்கற்பம் பத்திரிகைகளின் தலைப்பாயிற்று; இரண்டாவதை எடுத்துப் பேசியவர்கள் சிலரே. சிட்னியிலும் மெல்பர்னிலும் குடியேறிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தமிழர்களாகிய நாம், முதலாவதைவிட இரண்டாவதைப் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

தேசங்களை வரிசைப்படுத்துகிற அந்த அளவுகோல் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு என்ற பெயருடன் பாரிஸ் நகரத்தில் இயங்கும் ஸ்தாபனம், 2000-ஆம் ஆண்டு தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்திவந்த ‘பிசா’ தேர்வுதான் அது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் எழுதுவது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடப்பது. பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு அனுகூலம் செய்யாமல், படித்ததை வாழ்க்கையில் எப்படிப் பிரயோகிக்கிறார்கள் என்று சோதிப்பது. கோவிட் நோயினால் ஓராண்டு தள்ளிப்போய் 2022-இல் நடந்த தேர்வில் 81 தேசங்களும் பிரதேசங்களும் கலந்துகொண்டன. ஆஸ்திரேலியாவில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதினார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்முடைய பழைய நியாயமேதான். எழுதிய பிள்ளைக்கும் மதிப்பெண் கிடையாது, பள்ளிக்கும் கிடையாது, தேசத்துக்கு மட்டுமே உண்டு.

தேர்வு முடிந்ததும் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வினாத்தாள் கொடுக்கிறார்கள். தாயும் தந்தையும் எதுவரை படித்தவர்கள், என்ன உத்தியோகம் பார்க்கிறார்கள், படிப்பதற்குத் தனியே ஒரு மேஜை உண்டா, வீட்டில் எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன என்றெல்லாம் அதில் கேட்கப்படுகிறது. கணிதக் கேள்விகளைவிட இந்தக் கேள்விகளே முக்கியமானவை என்று நான் சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை அந்தப் பிள்ளை பிறந்த வீட்டின் வாசற்படியில் நின்றே எவ்வளவு தூரம் ஊகித்துவிடலாம் என்பதை ஒரு தேசத்துக்குச் சொல்லுகிறவை இவைதாம்.

வரிசை எண்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லி அந்த விஷயத்தை முடித்துவிடலாம். கணிதத்தில் 2003-ஆம் ஆண்டு 524 புள்ளிகள் பெற்றிருந்த ஆஸ்திரேலியா 2018-இல் 491 ஆகவும், 2022-இல் 487 ஆகவும் இறங்கியது. வாசிப்பில் 2000-ஆம் ஆண்டு 528 ஆக இருந்தது 2022-இல் 498 ஆயிற்று. இருபது புள்ளி ஏறத்தாழ ஓராண்டுப் படிப்புக்குச் சமம் என்று மெல்பர்னின் கேம்பர்வெல் பகுதியிலிருந்து இந்நாட்டில் இத்தேர்வை நடத்தும் ஆஸ்திரேலியக் கல்வி ஆராய்ச்சிக் கழகம் கணக்குச் சொல்லுகிறது. அப்படியானால் இன்றைய பதினைந்து வயது மாணவன், இருபது ஆண்டுகளுக்கு முன் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தவனைவிடக் கணிதத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பின்தங்கியவன் ஆகிறான். ஆனால் 2022 முடிவுகள் வெளியானபோது, பட்டியலில் ஆஸ்திரேலியா மேலே ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. மற்ற தேசங்கள் கோவிட் காலத்தில் வேகமாகச் சறுக்கிவிட்டன, ஆஸ்திரேலியா இருந்த இடத்தில் இருந்தது, ஆகவே மேலே ஏறிற்று! 2000-ஆம் ஆண்டு வாசிப்பில் 546 புள்ளிகளுடன் உலகத்துக்கே முதல்வனாக நின்று, எல்லாத் தேசத்துக் கல்வி அதிகாரிகளையும் யாத்திரிகர்களாக வரவழைத்த பின்லாந்து, 2022-இல் 490-க்கு இறங்கி ஆஸ்திரேலியாவுக்கும் கீழே போய்விட்டது. வரிசை எண்ணை நம்பி மகிழ்வதற்கும் வருந்துவதற்கும் உள்ள யோக்கியதை இவ்வளவுதான்.

தமிழர்களுக்கும் இந்தத் தேர்வோடு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. அதை இங்கே நினைவுபடுத்தாமல் போனால் விஷயம் பூர்த்தியாகாது. 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியாக நடந்த பிசா தேர்வில் இந்தியாவிலிருந்து இரண்டு மாநிலங்கள் கலந்துகொண்டன. ஒன்று இமாசலப் பிரதேசம், மற்றொன்று தமிழ்நாடு. கல்வியில் முன்னேறியவை என்று தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டவை அவை. 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த முடிவுகளை வெளியிட்டது மேலே சொன்ன கேம்பர்வெல் கழகந்தான். தமிழ்நாட்டுக்கு வாசிப்பில் 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348. கலந்துகொண்ட 74 தேசங்களும் பிரதேசங்களும் அடங்கிய வரிசையில், வாசிப்பிலும் கணிதத்திலும், இவ்விரு மாநிலங்களுக்கும் கீழே இருந்தது கிர்கிஸ்தான் ஒன்றே. வாசிப்பில் அடிப்படைத் தகுதி என்று வைத்திருந்த கோட்டைத் தாண்டிய தமிழ்நாட்டு மாணவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர். கேள்விகள் இந்தியச் சூழ்நிலைக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்திய அரசு விலகிக்கொண்டது.

கேள்விகளின் மேல் குறை சொல்லுவதில் ஓரளவு நியாயம் இல்லாமல் இல்லை. அன்னிய வாழ்க்கையிலிருந்து எடுத்த உதாரணம் கிராமத்துப் பிள்ளையைத் திகைக்க வைக்கத்தான் செய்யும். ஆயினும், நூற்றுக்கு எண்பத்துமூன்று பேர் அடிப்படைக் கோட்டைத் தாண்டவில்லை என்பதற்கு அந்தச் சமாதானம் போதாது. தமிழ்நாடு மத்தியான உணவு போட்டது, பள்ளிக்கூடத்தை ஊரூராகக் கொண்டு சென்றது, பெண் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்தது. இவை எல்லாம் உலகம் வியக்கத்தக்க காரியங்கள். உட்கார்ந்த பிள்ளை என்ன கற்கிறது என்ற கேள்வியை அந்தப் பெருமை விழுங்கிவிடக்கூடாது என்பதுதான் அந்தத் தேர்வு நமக்குச் சொன்ன சேதி. சேதி பிடிக்கவில்லை என்பதற்காகத் தேர்வைக் கைவிட்டது தவறு என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இனி ஆஸ்திரேலியாவுக்குத் திரும்புவோம். 2022-ஆம் ஆண்டு முடிவுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற எண் ஒன்றுண்டு. வசதியில் மேலே இருக்கும் கால்பங்குக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், கீழே இருக்கும் கால்பங்குக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் நடுவே கணிதத்தில் 101 புள்ளி வித்தியாசம். இருபது புள்ளிக்கு ஓராண்டு என்ற கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள், ஐந்து ஆண்டு. ஒரே நாட்டில், ஒரே வயதில், ஒரே பத்தாம் வகுப்பில், ஒரே பாடத்திட்டத்தைப் படிக்கிற இரண்டு பிள்ளைகளில் ஒருவன் மற்றவனுக்கு ஐந்து ஆண்டு பின்னே நிற்கிறான் என்றால், பின்னே நிற்பவனுக்குப் பத்தாம் வகுப்புக் கணிதம் என்ன விளங்கும்? ஐந்தாம் வகுப்பில் தவறவிட்ட பின்னத்தையும் தசமத்தையும் எவரும் திரும்பிவந்து சொல்லிக்கொடுப்பதில்லை. அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறும்பு செய்கிறான். வகுப்பில் ஒழுங்கு இல்லை என்று அதற்கு ஒரு தனிப் புள்ளிவிவரம் எடுக்கிறார்கள்.

வசதியுள்ளவன் வசதியற்றவனைவிட நன்றாகப் படிப்பது எல்லாத் தேசத்திலும் உள்ளதுதானே என்று கேட்கலாம். உண்மைதான், வளர்ந்த தேசங்களின் சராசரி வித்தியாசமே 93 புள்ளிகள். ஆனால் எஸ்டோனியாவைப் போன்ற ஒரு சிறிய தேசம், ஆஸ்திரேலியாவைவிடச் செல்வத்தில் குறைந்திருந்தும், கணிதத்தில் 510 புள்ளிகள் வாங்குவதோடு, ஏழைப் பிள்ளையை அவ்வளவு தூரம் பின்னால் விட்டுவிடாமலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விசேஷம் வேறொன்று. இங்கே வசதி குறைந்த பிள்ளைகள், வசதி குறைந்த பிள்ளைகளே நிறைந்த பள்ளிகளில் சேர்த்துவைக்கப்படுகிறார்கள். வீட்டில் இருக்கும் இல்லாமையோடு, பக்கத்து இருக்கைப் பிள்ளையின் இல்லாமையும், ஒரு பருவத்துக்கு மேல் நிலைத்திராத உபாத்தியாயரும், கணிதமே படித்திராதவர் கணிதம் சொல்லிக்கொடுக்கும் நிர்ப்பந்தமும் சேர்ந்துகொள்ளுகின்றன.

இந்த நிலை தானாக வந்ததன்று. சட்டத்தாலும் பணத்தாலும் படிப்படியாகக் கட்டப்பட்டது. சிட்னிக்குத் தென்மேற்கே இருக்கும் கோல்பர்ன் என்னும் ஊரில், 1962-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் கூடுதலாகச் சில கழிப்பறைகள் கட்ட வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்த, அதற்குப் பணமில்லை என்ற நிர்வாகத்தினர் ஊரிலிருந்த தங்கள் பள்ளிகளையெல்லாம் மூடிவிட்டுப் பிள்ளைகளை அரசாங்கப் பள்ளி வாசல்களுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தப் பள்ளிகளில் அவ்வளவு பிள்ளைகளுக்கு இடம் ஏது? ஒரு வாரமே நடந்த அந்தப் போராட்டம் தேசத்தின் அரசியலைப் புரட்டிவிட்டது. மறு ஆண்டுத் தேர்தலில் பிரதமர் மென்ஸிஸ், அரசாங்கம், தனியார் என்ற பேதமின்றி எல்லா உயர்நிலைப் பள்ளிகளுக்கும் விஞ்ஞானக் கூடம் கட்டப் பணம் தருவதாக வாக்களித்து வென்றார். 1973-இல் பிரதமர் விட்லம் ஆட்சியில் பீட்டர் கார்மல் குழு, தேவையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற நல்ல கொள்கையை வகுத்தது. கொள்கை நல்லதாக இருந்தும், பின் வந்தவர்களின் கைவண்ணத்தால், கட்டணமும் வசூலிக்கலாம், பொதுப் பணமும் பெறலாம், வேண்டாத பிள்ளையை வாசலிலேயே திருப்பியும் அனுப்பலாம் என்ற சலுகையுள்ள பள்ளிகள் ஒருபுறமும், வந்த பிள்ளையை மறுக்கவே முடியாத அரசாங்கப் பள்ளிகள் மறுபுறமுமாக ஏற்பாடு உறைந்துபோயிற்று. இன்று ஏறத்தாழ நூற்றுக்கு அறுபத்துமூன்று பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிகளிலும், இருபது பேர் கத்தோலிக்கப் பள்ளிகளிலும், மிச்சம் பேர் ஏனைய தனியார் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் கத்தோலிக்கப் பள்ளிகள் பொதுப் பணத்தில் நடக்கின்றன. ஆனால் அங்கே பொதுப் பணம் வாங்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. வித்தியாசம் அதுதான்.

டேவிட் கோன்ஸ்கி தலைமையில் அமைந்த குழு பள்ளி நிதி குறித்து 2011-ஆம் ஆண்டு இறுதியில் அரசிடம் கொடுத்த அறிக்கையைப் பற்றி இங்கே வாழ்கிறவர்கள் கேள்விப்படாமல் இருந்திருக்க முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று ஓர் அடிப்படைத் தொகை. ஏழ்மை, ஊனம், பூர்வகுடிப் பிறப்பு, ஆங்கிலம் போதாமை, பள்ளியின் சிறுமை, தொலைவு ஆகியவற்றுக்கு அதன்மேல் கூடுதல் தொகை. இதுதான் அதன் சாரம். இதைவிடத் தெளிவான நியாயம் வேறு இருக்க முடியாது. ஆனால் எந்தப் பள்ளியும் ஒரு டாலர்கூட இழக்காது என்று அரசு முன்கூட்டியே உறுதி கொடுத்துவிட்டபடியால், நிரம்பியிருந்த இடத்தில் எடுக்கவும் முடியவில்லை, குறைந்திருந்த இடத்தில் கொடுக்கவும் மனம் வரவில்லை. தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை தங்களுக்குரிய பொதுப் பணத்தைப் பூரணமாகவோ அதற்கு மேலோ பெற்றுக்கொண்டிருக்க, அரசாங்கப் பள்ளிகளோ தலைநகரான கான்பராவைத் தவிர வேறெங்கும் அந்த அளவை எட்டாமல் ஆண்டுகளைக் கழித்தன. கொடுக்கவேண்டிய பங்கில் நான்கு சதவீதம் வரை, கட்டடத் தேய்மானம் முதலான, வகுப்பறையைச் சென்றடையாத செலவுகளை மாநிலங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை வேறு. சுவருக்கு வயதாவதைப் பிள்ளையின் படிப்புச் செலவாக எழுதிய அந்தக் கணக்கப்பிள்ளையின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

2025-ஆம் ஆண்டு ஜனவரியில் விக்டோரியாவும் மார்ச்சில் நியூ சவுத் வேல்ஸும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மத்திய அரசின் பங்கு இருபதிலிருந்து இருபத்தைந்து சதவீதமாக உயரும். அரசாங்கப் பள்ளிகளுக்கு உரிய தொகை முழுமையாகக் கிடைக்கும். எப்போது? 2034-க்குள்.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை காலையில் சிட்னியின் வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், கிரவீன் பக்கங்களில் கடைத்தெருவுக்குப் போகிறவர்கள், மளிகைக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் மேலே மாடிப்படி ஏறிப்போகிற ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளைப் பார்த்திருப்பார்கள். முதுகில் கனமான பை, கையில் தண்ணீர்ப் புட்டி, கண்ணில் தூக்கம். கீழே காரில் அப்பா காத்திருக்கிறார். மேலே நடப்பது, கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அரசாங்கத் தெரிவுப் பள்ளிகளுக்கான ‘செலக்டிவ்’ தேர்வுக்குப் பயிற்சி. நியூ சவுத் வேல்ஸில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற அந்தத் தேர்வில் நாலாயிரத்துச் சொச்சம் இடங்களுக்குப் பதினையாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டி போடுகிறார்கள். விக்டோரியாவில் மெல்பர்ன் ஹை, மெக்ராபர்ட்சன், நாசல், சுசான் கோரி என்ற நான்கே பள்ளிகள். அங்கே தேர்வு எட்டாம் வகுப்பில். ஆகவே மெல்பர்ன்காரர்கள் நல்ல அரசாங்கப் பள்ளியின் எல்லைக்குள் வீடு வாங்குவதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள்; கிளென் வேவர்லியில் தெருவின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் வீட்டு விலை எப்படி வேறுபடுகிறது என்பது அங்குள்ள நம்மவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். சிட்னி முருகன் கோயில் மண்டபத்தில் அன்னதான வரிசையில் நிற்கும்போது, “உங்கட பிள்ளைக்கு செலக்டிவ் கிடைச்சிட்டுதோ?” என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா விசாரிப்பதையும், “ஜேம்ஸ் ரூஸா, பாகம் ஹில்ஸா?” என்று ஒரு சென்னை அம்மா அதற்குப் பக்கத்திலிருந்து சேர்ந்துகொள்வதையும் கேட்காதவர் இருக்க முடியாது. 2025 மே மாதத்தில் முதன்முறையாகக் கணினியில் நடந்த அந்தத் தேர்வின்போது, சில மையங்களில் கூட்டம் கட்டுக்கடங்காமற் போய்க் காவல்துறையை அழைக்க நேர்ந்தது. பதினொரு வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்குப் போலீஸ்!

இந்த ஓட்டம் நமக்குப் புதிதன்று. இலங்கையில் கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, 1940-களில் இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் ஏற்படுத்தியபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைத் தேர்ந்தெடுத்து உபகாரச் சம்பளம் கொடுத்து அங்கே படிக்க வைப்பதற்கென்றே ஒரு பரீட்சை உண்டாயிற்று. இன்றைய ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை அதன் வழித்தோன்றல். ஏழைக்காகப் பிறந்த அந்தப் பரீட்சை, டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகள் பெரிய பள்ளிக்குள் நுழைகிற வாசலாக நாளடைவில் மாறிப்போனதை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்தவர்கள் அறிவார்கள். சிட்னியின் தெரிவுப் பள்ளிகளுக்கும் அதே கதிதான். கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பெற்றோரின் பணப்பையைப் பாராமல் இடம் கொடுப்பது என்பதே அவற்றின் நியாயம். ஆனால் எந்தப் பள்ளியில் எவ்வளவு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று காட்டுகிற ‘மை ஸ்கூல்’ இணையதளத்தில் முழுத் தெரிவுப் பள்ளி ஒன்றின் பெயரைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வசதியின் மேல் கால்பங்கைச் சேர்ந்தவர்களாகவும், கீழ்க் கால்பங்கிலிருந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படியாகவும் இருப்பார்கள்.

இதைச் சரிசெய்வதற்காக நியூ சவுத் வேல்ஸ் அரசு, 2023-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து, இருபது சதவீதம் வரையிலான இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கும் பூர்வகுடியினருக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் ஒதுக்கிவைத்தது. நம்மவர்களில் பலர் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். ஈழத்தமிழர் அப்படிக் கொதித்ததன் காரணம் எனக்கு நன்றாக விளங்குகிறது. 1970-களின் தொடக்கத்தில் இலங்கையில் வந்த ‘தரப்படுத்தல்’, தமிழில் பரீட்சை எழுதியவன் சிங்களத்தில் எழுதியவனைவிட அதிக மதிப்பெண் எடுத்தால்தான் பல்கலைக்கழகத்தில் நுழையலாம் என்று செய்து, ஒரு தலைமுறையின் எதிர்காலத்தையே திசைமாற்றிவிட்டது. அந்தக் காயம் உள்ளவனுக்கு, மதிப்பெண் குறைந்த ஒருவருக்கு இடம் என்ற பேச்சைக் கேட்டதும் நெஞ்சு பதைப்பது இயற்கையே. ஆயினும் அதுவும் இதுவும் ஒன்றல்ல. அங்கே ஒரு பிள்ளை எந்த மொழியில் பரீட்சை எழுதினான் என்பது அளவுகோல் ஆயிற்று. அதிகாரத்தில் இருந்த பெரும்பான்மை தனக்குத்தானே சலுகை செய்துகொண்டது. இங்கே பெரும்பான்மை, சிறுபான்மை என்ற பேச்சே இல்லை. வறுமையும் தூரமும் ஊனமும் பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட சரித்திர அநீதியுமே அளவுகோல்கள். அதுவும், மதிப்பெண்ணில் சிறிதளவே பின்தங்கிய பிள்ளைக்குத்தான் இடம். பயிற்சிக்கு ஒரு காசும் செலவழிக்காமல் அவ்வளவு கிட்ட வந்து நின்ற பிள்ளை, ஈராண்டு சனிக்கிழமைகளைச் செலவழித்துச் சற்று முன்னே நின்ற என் பிள்ளையைவிட மந்தமானவன் என்று எந்த மனச்சாட்சியோடு சொல்வது? தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த நியாயம் இன்னும் சுலபமாக விளங்கியிருக்க வேண்டும். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது ஆதரித்துப் பேசியவர்களே, பிளாக்டவுனில் வீடு வாங்கியவுடன் வேறு நியாயம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

நம் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களே, அதற்கு நம் பண்பாடல்லவா காரணம் என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிசா எழுதிய பிள்ளைகளில், குடியேறியவர் வீட்டுப் பிள்ளைகள் சராசரியில் மற்றவர்களைவிடக் கணிதத்தில் மேலாகவே இருக்கிறார்கள் என்பது மெய். பண்பாட்டுக்கு அதில் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை; பிள்ளையின் புத்தகத்துக்காகத் தன் சேலையை ஒத்திப்போட்ட தாயார்களின் வயிற்றில் பிறந்தவர்கள்தாமே நாம். ஆனால் பட்டமும் ஆங்கிலமும் உத்தியோக அனுபவமும் பார்த்துப் புள்ளி போட்டு விசா கொடுக்கிற தேசம் இது. பொறியாளரையும் மருத்துவரையும் கணக்காளரையும் பொறுக்கியெடுத்து உள்ளே விட்டுவிட்டு, அவர்களுடைய பிள்ளைகள் கணக்கு நன்றாகப் போடுகிறார்கள் என்று வியப்பதில் என்ன இருக்கிறது? படகில் வந்து, விசா முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, இரவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் சொந்தத் தமிழர் வீட்டுப் பிள்ளையைப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கும் அதே பண்பாடுதான். பயிற்சி வகுப்புக்குக் கட்டப் பணம் கிடையாது. அந்தப் பிள்ளை போகிற பள்ளி, பக்கத்துத் தெருவிலிருக்கும் அரசாங்கப் பள்ளி.

பயிற்சி வகுப்புக்கு அனுப்பாதீர்கள் என்று எவருக்கும் உபதேசம் செய்ய எனக்கு உரிமையில்லை. தன் பிள்ளைக்கு நல்ல இடம் தேடுகிற தகப்பனைக் குற்றம் சொல்லுகிறவன் பிள்ளை பெறாதவனாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பக்கத்து அரசாங்கப் பள்ளியின் படியைக்கூட மிதித்துப் பாராமல், அங்கே படிக்கிற பிள்ளைகளின் முகத்தையும் நிறத்தையும் பற்றிக் காதில் விழுந்த வம்பை நம்பி அதை ஒதுக்கித்தள்ளுகிற வழக்கத்தை நாம் விட்டுவிடலாம். ஒதுக்கீட்டு இடங்களை எதிர்த்து நம் சங்கங்களின் பெயரால் கடிதம் எழுதுவதை நிறுத்தலாம். பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் நம் பிள்ளையின் ரிப்போர்ட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், கணித ஆசிரியர் கணிதம் படித்தவர்தானா என்று எல்லாப் பிள்ளைகளுக்காகவும் கேட்கலாம். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இந்நாட்டில் 95,000 பேருக்கு மேல். சில தொகுதிகளில் ஓட்டு எண்ணுகிறவர்கள் நம்மை மறந்துவிட முடியாது.

2025-இல் ஐந்து வயதில் அரசாங்கப் பள்ளியில் சேர்ந்த குழந்தை, முழு நிதி வந்துசேரும் என்று சொல்லியிருக்கிற 2034 முடியும்போது, பிசா தேர்வு எழுதுகிற வயதை எட்டியிருக்கும். படித்த காலமெல்லாம் குறைந்த பணத்திலே படித்து முடித்திருக்கும். ஜனவரி தோறும் நம் பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, “வணக்கம்” என்று ஒரு வார்த்தை தமிழில் சொல்லிக் கைதட்டல் வாங்கிப் போகிறார்களே பாராளுமன்ற உறுப்பினர்கள், அவர்கள் அடுத்த முறை வரும்போது மாலையைப் போட்ட கையோடு ஒரு கேள்வியையும் கேட்டுவையுங்கள்: தனியார் பள்ளிக்கு இன்றே கிடைக்கிற முழுத்தொகை, எங்கள் தெருப் பள்ளிக்குக் கிடைக்க 2034 வரை எதற்கு?